கூட்டம் குற்றமா?

ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானதும், சர்க்கார் கலைக் கல்லூரிகளின் வாசலில் பெருங்கூட்டம் கூடுவதைப் பார்க்கிறோம். மகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்து மார்போடு அணைத்துக் கொண்டிருக்கும் விவசாயக் கூலியும், ஒரு நாள் வேலையைக் கெடுத்துக் கொண்டு மகனோடு வந்திருக்கும் கொத்தனாரும், தான் கையெழுத்துப் போடத் தெரியாதவளாயிருந்தும் பெண்ணுக்கு எந்தப் பாடம் எடுத்தால் நல்லது என்று வருவோர் போவோரை எல்லாம் விசாரிக்கும் தாயும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களில் அநேகருடைய குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் கால் அந்தப் பிள்ளையின் காலேயாகும்.

இதைக் கண்டு மகிழ்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, வயிறெரிகிறவர்களும் ஒரு பக்கம் இருக்கிறார்கள். "கண்டவர்கள் எல்லாம் காலேஜுக்குள் புகுந்ததால்தான் படிப்பின் தரம் கெட்டது. பட்டம் எல்லோருக்கும் எதற்கு? கைத்தொழில் ஏதாவது கற்றுக் கொண்டு பிழைத்தால் ஆகாதா?" என்பது இவர்கள் பாடும் பாட்டு. சொந்தப் பிள்ளைக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்துவிட்டு இப்படிப் பேசுகிறவர் ஒருவரையாவது நாம் இதுவரை கண்டதில்லை.

ஆகவே இந்த விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். கூட்டம் வந்தது குற்றமல்ல. அது நமது வெற்றி. ஆனால் வந்த கூட்டத்திற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆளும், சாதனமும், இடமும் இல்லாதபடி வைத்திருப்பது பெருங்குற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டாவது குற்றத்தைச் செய்தவர்களை விட்டுவிட்டு, உள்ளே வந்த பிள்ளைகள் மீது பழி போடுவதுதான் இப்போது நடக்கும் சூழ்ச்சியாகும்.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

குருகுலத்தில் இடநெருக்கடி இருந்ததாகவோ, ஆசிரியர் போதவில்லை என்றோ எந்தப் புராணமாவது சொல்லுகிறதா? சொல்லவில்லை. காரணம் என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டால் உள்ளே நெருக்கடி எப்படி வரும்? ஏகலைவனை உள்ளே விட மறுத்தார்கள். அவன் வெளியே நின்று தானாகவே கற்றுக் கொண்டபோது கட்டைவிரலையும் கேட்டு வாங்கினார்கள். அக்காலத்தில் "தரம்" காப்பாற்றப்பட்ட யோக்கியதை இதுதான்.

வெள்ளைக்காரன் காலத்திலும் வாசல் அகலமாயிருந்ததாகச் சொல்ல முடியாது. சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது 1857-இல். மறு வருஷம் அதில் பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை ஒருவர், விசுவநாத பிள்ளை மற்றொருவர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அதற்குப் பிறகு வந்த பட்டதாரிகளில் எந்தக் கூட்டத்தார் எத்தனை பேர் என்ற கணக்கைப் பார்த்த பிறகுதான், பார்ப்பனரல்லாதார் இயக்கமும் வகுப்புவாரி உத்தரவும் நம் நாட்டில் பிறந்தன.

சுயராஜ்யம் வந்த பிறகாவது மனம் மாறியதா என்றால், 1953-ஐ நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அதிகம், பள்ளிக்கூடமும் வாத்தியாரும் குறைவு என்று ஆச்சாரியார் சர்க்கார் ஒரு கணக்குப் போட்டது. கணக்கு சரிதான். ஆனால் அதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். மீதி நேரத்தில் அவனவன் அப்பன் தொழிலைக் கற்றுக் கொள்ள வேண்டியது என்பதாகும். அதே வாத்தியாரையும் அதே கட்டிடத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளைக் கணக்கில் காட்டும் தந்திரம் அது. குலக்கல்வித் திட்டம் என்று நம்மவர்கள் அதற்குச் சரியான பேர் வைத்துக் கிளர்ச்சி செய்ததன் பயனாக, 1954-இல் காமராசர் முதல் மந்திரியானதும் அத்திட்டம் ஒழிந்தது.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்னவென்றால், "சாதனம் போதவில்லை" என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு என்பதேயாகும். ஒன்று, சாதனத்தைப் பெருக்குவது. மற்றொன்று, ஆளைக் குறைப்பது, அல்லது ஆளுக்குக் கொடுக்கும் படிப்பைக் குறைப்பது. பழைய கூட்டத்தார் எப்போதும் இரண்டாவதையே தேடுவார்கள். நம்மவர்கள் முதலாவதைக் கேட்க மறந்துவிட்டால், இரண்டாவது தானாகவே நடந்துவிடும்.

காமராசர் காலத்துப் பள்ளிக்கூடமும் 1956-இல் விரிந்த மதிய உணவும், 1978-இல் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கே வந்து சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பும், இட ஒதுக்கீடும், 2022 முதல் சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கும் 2024 முதல் ஆண்களுக்கும் கல்லூரிச் செலவுக்கென்று கொடுத்து வரும் மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்துதான் இன்றைய கூட்டத்தை உண்டாக்கின. 2021–22ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ள ஜனத்தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 28 என்ற விகிதம்; தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுமைக்கும் 2035-இல் 50 ஆக வேண்டும் என்று டில்லி சர்க்கார் குறி வைத்திருக்கிறது. அந்தக் குறிக்குப் பக்கத்தில் நாம் முன்னமேயே வந்து நிற்கிறோம். இதற்காகப் பெருமைப்படுவதில் தவறில்லை.

நிற்க, பெருமையோடு நின்றுவிட்டால் நாமும் ஏமாந்தவர்களே ஆவோம். கல்யாண வீட்டில் எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்து, எல்லோருக்கும் இலையையும் போட்டுவிட்டு, சமையற்கட்டில் உலையே வைக்கவில்லை என்றால் அந்த விருந்துக்கு என்ன பேர்? நம் கல்லூரிகள் பலவற்றில் இப்போது இலை போட்டாகிவிட்டது. சோறுதான் இன்னும் வந்தபாடில்லை.

சில நாட்களுக்கு முன் ஒரு கூட்டத்திற்காக வெளியூர் சென்றிருந்தபோது, அவ்வூர்க் கல்லூரியில் ரசாயனம் படிக்கும் பையன் ஒருவன் நம்மிடம் பேசிக் கொண்டிருந்தான். "பியூரெட்டைப் பிடித்திருக்கிறாயா?" என்று கேட்டோம். "பார்த்திருக்கிறேன் ஐயா" என்றான். விசாரித்ததில், எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட்டாம். ஒருவன் குழாயைத் திருப்புவானாம். மற்ற ஏழு பேரும் கோவிலில் தீபாராதனை பார்ப்பதுபோல் எக்கி எக்கிப் பார்ப்பார்களாம். அவன் சொல்லும் எண்ணை எட்டுப் பேரும் நோட்டில் எழுதிக் கொள்வார்களாம். அதே இடத்தில் பூதக்கண்ணாடிகள் உடைந்து போகாமலிருக்கப் பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. அவை வெளியே வருவது அதிகாரிகள் பார்வையிட வரும்போதும், ஆயுத பூசையன்று குங்குமம் வைத்துக் கொள்வதற்கும்தானாம்.

தோழர்களே! இதைச் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாக நினைக்காதீர்கள். பகுத்தறிவு இயக்கத்தார்க்கு இதைவிட முக்கியமான சங்கதி வேறில்லை. புராணத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசம் என்ன? புராணத்தில் ஒருவன் சொன்னதை மற்றவன் கேட்டு நம்ப வேண்டும். விஞ்ஞானத்தில் தானே செய்து பார்த்து, கண்ணால் கண்டு, தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டும். எட்டுப் பேரில் ஒருவன் செய்ய, ஏழு பேர் அவன் சொன்னதை நம்பி எழுதினால், அங்கே நடப்பது விஞ்ஞான வகுப்பா, காலட்சேபமா என்று கேட்கின்றோம். புத்தகசாலைக்குப் போய் நான்கு புத்தகங்களைப் பார்த்து, ஒன்று சொல்வதை மற்றொன்றோடு மோதவிட்டு உண்மையைத் தேட வேண்டிய பிள்ளை, கடையில் விற்கும் நோட்ஸை மந்திரம்போல் உருப்போட்டுக் கக்கிவிட்டுப் பட்டம் வாங்கினால், அவன் நாளைக்குக் கலியாணத்திற்கு ஜாதகம் பார்ப்பதிலும், வீட்டுக்கு வாஸ்து பார்ப்பதிலும் என்ன ஆச்சரியம்? பட்டதாரிக்கும் மூடநம்பிக்கை போகவில்லையே என்று நாம் மேடைதோறும் கேட்கிறோம். அந்த மூடநம்பிக்கையின் ஒரு வேர் இந்தப் பூட்டிய பீரோவுக்குள் இருக்கிறது.

இனி ஆசிரியர் விஷயத்திற்கு வருவோம். மேலே சொன்ன 2021–22 கணக்கில் மாணவர்கள் 4 கோடியே 33 லட்சம். ஆசிரியர்கள் சுமார் 16 லட்சம். வகுத்தால் ஆசிரியர் ஒருவருக்கு 27 மாணவர் என்று வருகிறது. கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் பண்ணையார் மூன்று வேளையும் பண்ணையாள் ஒரு வேளையும் சாப்பிட்டால், சராசரி ஆளுக்கு இரண்டு வேளை என்று கணக்குப் பிள்ளை எழுதிவிடலாம். பண்ணையாளுக்குப் பசி தீர்ந்துவிடுமா? பெரிய பட்டணத்துப் பேர் பெற்ற கல்லூரியும், தாலுகா ஊரில் வாடகைக் கட்டிடத்தில் தொடங்கிய கல்லூரியும் சேர்ந்ததுதான் இந்தச் சராசரி.

நம் சர்க்கார் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் 4,000 பேரை எடுப்பதற்கு 2024 மார்ச்சில் விளம்பரம் வந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை நடக்கவில்லை. 2025 அக்டோபரில், 2,708 இடங்களுக்கு என்று மறுபடியும் விளம்பரம் வந்தது. இந்த ஒன்றரை வருஷ காலத்தில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் காத்திருக்கவா முடியும்? அவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள். பேரில் கௌரவம் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இத்தகையோருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று வகுத்திருக்க, 2024-இல் நம் சர்க்கார் கல்லூரிகளில் கொடுத்தது 25,000 ரூபாய். முனைவர் பட்டம் பெற்றவர் கோடை விடுமுறை மாதத்தில் சம்பளமில்லாமல் கடன் வாங்கிப் பிழைக்கிறார். நிரந்தரமில்லாத ஆசிரியரை நூற்றுக்குப் பத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதே மானியக் குழு 2018-இல் விதி செய்தது. அந்த விதி ஏட்டில் இருக்கிறது. கல்லூரியில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பார்த்துக் கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் நடுவில், 2025-இல் சர்க்கார் கல்லூரிகளில் நூற்றுக்கு 20 வீதம் இடங்களைக் கூட்டிக் கொள்ள அனுமதி வந்தது. இடம் கூடியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நூற்றுக்கு 20 பெஞ்சும், 20 பியூரெட்டும், 20 ஆசிரியரும் கூடவே கூடினார்களா என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டல்லவா?

தனியார் கல்லூரிகளின் யோக்கியதையோ கேட்கவே வேண்டாம். 1984 முதல் சுயநிதி இஞ்சினியரிங் கல்லூரிகள் தொடங்கி, ஒரு காலத்தில் ஐந்நூறுக்கு மேல் பெருகின. 2024 ஜூலையில் வெளியான சங்கதி என்னவென்றால், ஒரே ஆசிரியர் ஒரே வருஷத்தில் பல கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது என்பதாகும். இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவரல்லர், நூற்றுக்கணக்கானவர்கள். பகவான் எங்கும் நிறைந்தவர் என்று புராணிகர் சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்கிறோம். இங்கே ஒரு வாத்தியார் எங்கும் நிறைந்திருப்பதற்குக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆதாரமே இருக்கிறது! ஆனால் பகவானைப் போலவே இவரும் வகுப்பில் யார் கண்ணுக்கும் தட்டுப்படுவதில்லை. நிலத்தை விற்றுப் பணம் கட்டிய தகப்பன் எந்தக் கோர்ட்டில் போய் முறையிடுவான்?

இதற்கெல்லாம் பரிகாரமாக இரண்டு யோசனைகள் டில்லியிலிருந்து வந்திருக்கின்றன. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை இணையத்தின் மூலமே படித்துக் கொள்ளலாம் என்று 2021-இல் விதி செய்தார்கள். நாம் இயந்திரத்திற்கு விரோதிகள் அல்ல. நல்ல ஆசிரியர் ஒருவரின் பேச்சை ஆயிரம் ஊர்களில் கேட்கச் செய்யும் சாதனத்தைப் புகழவே செய்கிறோம். ஆனால் அது ஆசிரியருக்குத் துணையாக வர வேண்டுமேயல்லாமல் ஆசிரியருக்குப் பதிலாக வரக் கூடாது. ஏட்டுச் சுரைக்காயே கறிக்கு உதவாதென்றால் திரைச் சுரைக்காய் எப்படி உதவும்? "இது எனக்குப் புரியவில்லை" என்று பிள்ளை சொல்லும்போது, அவன் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்லித்தர ஒரு மனிதன் வேண்டும். வீட்டில் சொல்லித்தர ஆளுள்ள பிள்ளைக்கு அந்த மனிதன் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அவனைத் தவிர வேறு கதியில்லை.

மற்றொரு யோசனை, 2020-இன் புதிய கல்விக் கொள்கையில் உள்ளது. ஒரு வருஷத்தில் நின்றால் ஒரு சான்றிதழ், இரண்டு வருஷத்தில் நின்றால் ஒரு டிப்ளமோ என்பதாம். இது சௌகரியத்துக்காக என்கிறார்கள். பாடம் புரியாமலும் பணமில்லாமலும் திண்டாடுகிற பிள்ளைக்கு, தாங்கிப் பிடிக்கக் கை கொடுப்பதை விட்டுப் பின்வாசலைத் திறந்து காட்டுவது எந்தச் சௌகரியத்தில் சேர்ந்தது? அந்த வாசல் வழியாக யார் வீட்டுப் பிள்ளை வெளியே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பணத்திற்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-இல் சொல்லியது. அந்த ஆறு இன்றுவரை எட்டப்படவில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் கோவில் நிதியைக் கொண்டு கலைக் கல்லூரிகள் தொடங்கியபோது, உண்டியல் பணத்தைப் படிப்புக்குச் செலவிடலாமா என்று ஆட்சேபம் கிளம்பி வழக்கும் நடந்தது. அந்தக் கல்லூரிக்கு இந்துக்கள் மட்டுமே ஆசிரியராக விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் செய்ததை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் ஜனங்கள் போட்ட காசு ஜனங்களின் பிள்ளைகளுக்குப் பாடமாகத் திரும்புவதைப் பாவம் என்று சொல்லுகிறவர்கள், நாட்டில் கல்விக்குப் பணமில்லை என்று வருந்துவதுதான் வேடிக்கை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். இடத்தைக் கூட்டும் ஒவ்வொரு உத்தரவோடும் ஆசிரியரையும் ஆய்வுச் சாதனத்தையும் கூட்டும் உத்தரவும் சேர்ந்தே வர வேண்டும். காலி இடங்கள் வருஷா வருஷம் காலந்தவறாமல் நிரந்தர ஆட்களைக் கொண்டு, இட ஒதுக்கீட்டு முறைப்படி நிரப்பப்பட வேண்டும். பல வருஷமாக அரைச் சம்பளத்தில் உழைத்து வருகிறவர்களுக்கு அதில் நியாயம் கிடைக்க வேண்டும். தமிழில் படிப்பவனுக்கு, இங்கிலீஷில் படிப்பவனுக்குச் சமமான புத்தகங்கள் கிடைக்க வேண்டும். புத்தகசாலை மாலை நேரத்திலும் திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத கல்லூரிக்கு, அது சர்க்காருடையதானாலும் தனியாருடையதானாலும், அங்கீகாரம் கொடுப்பவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இடம் கிடைத்த அன்று மிட்டாய் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துப் பட்டம் வாங்குகிற அன்று மறுபடி எட்டிப் பார்ப்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. உங்கள் ஊர்க் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, நிரந்தரமானவர் எத்தனை, ஆய்வுச் சாலையில் ஒரு சாதனத்திற்கு எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்காகத்தான் இருக்கிறது. பதிலைக் கிளைக் கழகத்தின் கரும்பலகையில் எழுதி வையுங்கள். 1948-இன் பொது நூலகச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறீர்கள். அந்த நூலகத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேண்டிய புத்தகம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறைத் தோழர்கள் வாரத்தில் இரண்டு மாலை, அந்த நூலகத்தில் உட்கார்ந்து பின்னால் வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கட்டும்.

கல்லூரியில் கூட்டம் அதிகம் என்று யாராவது இனி உங்களிடம் குறைபட்டுக் கொண்டால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். "ஆம், அதிகம்தான், ஆகையால் ஆசிரியரையும் அதிகமாக்குங்கள்" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலை அவர் ஒப்புக் கொண்டால் அவர் கல்வியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர். ஒப்புக் கொள்ளாவிட்டால், அவர் கவலை தரத்தைப் பற்றியதல்ல, உள்ளே வந்திருக்கும் ஆட்களைப் பற்றியது என்று தெரிந்து கொள்ளலாம்.